மருந்து வண்டிக்கு நான் கொடுத்த சொல்

விருதுநகரில் என்னைக் காயலாங்கடை மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், பின்னால் எனக்கு மாமனாராக வந்தவர், "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கிற கம்பெனியில் மேனேஜர் என்று என் பெரியப்பா பதில் சொன்னார். "உடைக்கிறதுக்கு என்னத்துக்கு மேனேஜரு? சுத்தியல் போதாதா?" என்றார் அவர். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேவிட்டேன். பெரியப்பா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்லாத நாள் கிடையாது. சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அது எவ்வளவு உண்மை என்று எனக்கு உறைத்தபோது, அதற்காகக் கஷ்டப்பட்டது நான் இல்லை, வேறு ஒரு மனிதர். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுத்தியல் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன மிலிட்டரி லாரிகள், இனி ஓடாது, கண்டம் என்று பஸ் முதலாளிகள் தள்ளிய பஸ்கள், புளியமரத்தில் மோதிச் சப்பையான கார்கள், எல்லாம் ஏலத்துக்கு வரும். வண்டியைத் தொட்டுப் பார்க்க அரைமணி நேரம் கொடுத்தாலே பெரிது. அதற்குள் எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல எஞ்சின் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போகும். ஆக்சிலும் சக்கரமும் டயர் மாட்டுவண்டிக்குப் போகும். ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர்கள் அரிவாள் அடிக்க வாங்கிப் போவார்கள். கார் ஸீட்டுக்குச் சலூன்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். சாத்தூரில் ஒரு சலூனில் ஒரு ஜமீன் வீட்டுக் காரின் பின் ஸீட்டில் சாய்ந்துதான் ஊரே முகம் மழித்துக்கொண்டது. நான் விற்ற ஸீட்டுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்தில், மதுரை ரோட்டில் ஊருக்கு வெளியே இருந்த அந்த ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கேட்டில் நின்று உள்ளே வருகிற வண்டியின் நம்பரை எழுதுவதுதான் ஆரம்ப வேலை. எனக்கு இரும்பு பேசும். தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே கியர் பாக்ஸுக்குள் பல் உடைந்திருப்பதைச் சொல்லிவிடுவேன். முதலாளி அதைக் கவனித்தார். ஏலத்துக்குக் கூட்டிப்போனார். அப்புறம் தனியாக அனுப்பினார். ஆறு வருஷத்தில் மேனேஜர் என்று பித்தளைப் பலகை அடித்து ஒரு மேஜையும் போட்டுக் கொடுத்தார். தலைக்கனம் வந்ததா என்றால், வந்தது. இல்லை என்று சொன்னால் என் பெண்டாட்டியே சிரிப்பாள்.

ஷெட்டில் கேஸ் கட்டிங் செய்தவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கிறிஸ்தவர். அவர் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே ஒரு பெண் குழந்தை. துருப்பிடித்த போல்ட்டைக் கேஸ் நெருப்பில் அறுக்கும்போது பக்கத்தில் இருக்கிற பாகம் வெந்து கெட்டுப்போகும். அண்ணாச்சி அறுத்தால் போல்ட் மட்டும் விழும், பக்கத்துப் பெயின்ட் கூடக் கருகாது. மதுரையிலிருந்து வருகிற வியாபாரிகள், "இது அவர் அறுத்ததுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமானை எடுப்பார்கள். வேலை நேரத்தில் வேதக்கோயில் பாட்டு ஒன்றை மூக்குக்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். மத்தியானம் அவர் தூக்குவாளியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஊர்க் காயலாங்கடையிலும் அது இருந்திருக்காது. சிவகாசிப் பக்கம் இருக்கிற பட்டாசு ஆபீஸ்களிலிருந்து அவ்வப்போது பழைய வேன்கள் விலைக்கு வரும். பட்டாசு செய்கிற இடத்தைக் கம்பெனி என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். வெடிக்குள் போடுகிற பொடிக்கு மருந்து என்று பெயர். வருஷக்கணக்காக அதைச் சுமந்த வேனின் பலகை இடுக்கிலும் அடிச்சட்டமான சேஸ் இரும்பின் உள் குழியிலும் மருந்து படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மருந்து வண்டி வந்தால் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, குழி குழியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாளும் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகுதான் நெருப்புக் காட்டுவோம்.

இதில் ஒரு சங்கடம். எங்கள் ஊர் வெயிலில் ஒரு பொழுதுக்குள் இரும்பு காய்ந்துவிடும். கழுவிய வண்டியும் கழுவாத வண்டியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் அறுக்கப்போகிற கட்டர், வண்டிக்குப் பொறுப்பானவரைப் பார்த்து, "நனைச்சாச்சா?" என்று கேட்பார். அவர் வாய்விட்டு, "நனைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அண்ணாச்சி தீக்குச்சியைக் கிழிப்பார். முதலாளியே நின்றாலும் அவருக்கும் அதே கேள்விதான்.

மேனேஜர் பலகை வந்த வருஷம் பங்குனியில் ஒரு மருந்து வண்டி வந்தது. மேனேஜர் ஆன பிறகு நானாகப் பார்த்து, நானாகப் பேசி வாங்கிய முதல் வண்டி. வேன் பழசு, ஆனால் சேஸும் எஞ்சினும் தங்கம். மதுரையில் ஒரு பார்ட்டி, சேஸை மட்டும் அறுத்துக் கொடுத்தால் பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் லாரியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மதுரையில் ஒரு கிளை போட முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். இந்த வியாபாரம் சுத்தமாக முடிந்தால் அந்தக் கிளை எனக்குத்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பங்குனிப் பொங்கல் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. விருதுநகரில் அந்த நாளில் எந்தக் கடையும் திறக்காது. ஷெட்டுக்கும் லீவு. அதோடு, ஊரில் இருக்கிற தண்ணீர் வண்டி அத்தனையும் கோயில் கூட்டத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் போய்விட்டது. எங்கள் கிணறு மாசியிலேயே வற்றிப்போய்விட்டது. இரண்டு நாளாகத் தண்ணீர் வண்டிக்காரன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியதுதான் மிச்சம். "பொங்கல் முடியட்டும் மேனேஜரே, ஆத்தா கூட்டத்துக்கு ஊத்தாம ஒம்ம ஓட்ட வண்டிக்கா ஊத்தச் சொல்றீரு?" என்றான் அவன். அவனைக் கண்டபடி ஏசிவிட்டு வந்தேன்.

விற்ற ஆபீஸ்காரர், "இதுல வெறும் லேபிளும் அட்டைப் பெட்டியும்தான் அய்யா ஏத்துனோம், மருந்து ஏத்தவே இல்ல" என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பலகையைக் கழற்றிப் பெருக்கச் சொன்னேன். ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துத் துடைக்கக்கூட இல்லை.

திருவிழாவுக்கு லீவு வேண்டாதவர் அண்ணாச்சி ஒருவர்தான். காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவருக்கும் அன்றைக்கு லீவுதான், வர வேண்டிய கட்டாயம் கிடையாது. "தம்பி கூப்பிட்டா வரமாட்டனா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு சேஸுக்குப் பக்கத்தில் குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நனைச்சாச்சா தம்பி?"

நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். மறுபடியும் கேட்டார்.

"தம்பி, நனைச்சாச்சா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த எரிச்சல் வந்ததோ. தப்பு என்மேல் இருக்கும்போது எதிரில் இருப்பவர்மேல் கோபம் வருகிற புத்தி எனக்கு. "நனைச்சாச்சு, நனைச்சாச்சு! எம்புட்டு தடவ கேப்பீக? ஊரே பொங்கல் வச்சிட்டு இருக்கு, நம்ம பத்த வைக்க நல்ல நேரம் பாக்கணுமா?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "கோவத்தப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார்.

மூன்றாவது போல்ட்டில் சேஸ் குழிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சாக்கை எடுத்துப் போர்த்தி, மண்ணில் உருட்டி அவர்மேல் இருந்த நெருப்பை அணைத்தேன். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வெந்தது. அந்தத் தழும்பைக் காட்டித்தான் பிற்பாடு ஊரில் நல்ல பெயர் வாங்கினேன்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது டூட்டியில் இருந்தது அவர் மனைவிதான். முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் அழவில்லை, கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள். "எப்படித் தம்பி ஆச்சு? கேக்காம பத்த வைக்க மாட்டாரே?"

முதலாளியும் அதே நேரத்தில் உள்ளே வந்தார். பொங்கல் வேட்டியோடு, நெற்றியில் திருநீறோடு ஓடி வந்திருந்தார். "நீ சொல்லு குடுத்தியாலே?" என்றார். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு அறை விட்டிருப்பார், வேலையை விட்டு அனுப்பியிருப்பார், அவ்வளவுதான்.

"இல்ல மொதலாளி" என்றேன். "நான் உள்ள ஸ்பேனர் எடுக்கப் போயிருந்தேன். அவரு கேக்கல. கேக்காமயே பத்த வச்சிட்டாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் மறைத்தேன், அது மறைந்தும் போய்விட்டது. ஷெட்டில் வேறு ஆள் இல்லாததால் மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அண்ணாச்சி ஜன்னி கண்டு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்றார்கள்.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க கேட்டீங்களா, கேக்கலையா?" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அண்ணாச்சி கட்டுப் போட்ட முகத்தை இன்ஸ்பெக்டர் குரல் வந்த பக்கம் திருப்பினார். அப்புறம், "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் அய்யா. நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இந்த மனிதர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். எனக்கு வயது இருக்கிறது, மேலே வர வேண்டியவன், தனக்குப் போனது போகட்டும் என்று பெருந்தன்மையாகப் பழியை வாங்கிக்கொள்கிறார் என்றே நம்பினேன். அப்படித்தான் ஒன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக் கிளை எனக்கே வந்தது. அப்புறம் திருநெல்வேலி. ஏலத்துக்கு ரயிலில் பெட்டி படுக்கையோடு கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று போனேன். டெர்லின் சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி போட்ட அறை. மூன்று ஷெட்டுக்கும் நான்தான் ஜெனரல் மேனேஜர். போன இடத்திலெல்லாம் நான் ஒரு சட்டம் போட்டேன். வாய்ச்சொல் கூடாது, நனைத்ததைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டரிடம் கொடுக்க வேண்டும். "பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன்டா, இவனப் பாத்துக் கத்துக்கோங்க" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனையும் என் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கதை சொல்வேன். எப்பேர்ப்பட்ட கைக்காரர் அவர், ஒரே ஒரு நாள் கேட்க மறந்தார், கண் போச்சு பார்த்தாயா என்பேன். என் உள்ளங்கைத் தழும்பையும் காட்டுவேன். வாய் கிழிய எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லிச் சொல்லிக் கடைசியில் கதை எனக்கே அழகாக வந்துவிட்டது. திருச்சியில் ஒரு காயலாங்கடையில் யாரோ ஒருவன் அதே கதையை என்னிடமே சொன்னான். அப்போதுகூட எனக்கு உடம்பு கூசவில்லை.

அண்ணாச்சி வீட்டை நான் மறந்துவிடவில்லை. கிறிஸ்துமஸுக்குத் துணிமணி, அறுப்புக் காலத்தில் அரிசி மூட்டை. போகும்போதெல்லாம் அந்த அம்மாள், "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்று இலை போட்டுவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினார். ஒவ்வொரு பெட்டியையும் மூன்று தடவை விரலால் தடவிப் பார்ப்பார். வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பாதி தூரம் வந்தவர், திரும்பிப் போய் மறுபடி தடவிப் பார்ப்பார். கண் தெரியாதவர், அதனால் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்த வருஷமே கல்யாணம் ஆனது. காரியாபட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த பையன். பெரிய வெண்கல அண்டா ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எல்லோரும் பார்க்க இறக்கினேன். அந்தப் பெண் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் முகம் வீங்கும்படி அழுதிருந்தாள். கல்யாணப் பெண் அழாமல் இருப்பாளா என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அறுபதுகளின் நடுவில் நான் சொந்தமாக வீடு கட்டினேன். கிரகப்பிரவேசப் பத்திரிகையை முதலில் அண்ணாச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பழம், வெற்றிலையோடு போனேன். அம்மாள் அடுப்படியில் இருந்தாள். அண்ணாச்சி பாய் விரித்துப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையை வாங்கித் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கே, சிவகாசி அச்சா?" என்று சந்தோஷப்பட்டார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீடு, பேர், பிள்ளைகள், எல்லாம் இவர் போட்ட பிச்சை என்று தோன்றியது. ஒரு தடவையாவது அதை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று, அடுப்படிக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட என்னக் காட்டிக் குடுக்காம இருந்தீக பாருங்க. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எதத் தம்பி?"

"அதான் அண்ணாச்சி. நீங்க கேட்டீக, நான் சொல்லு குடுத்தேன். அத வெளிய விடாம உங்க மேல போட்டுக்கிட்டீகளே."

பசை தொட்ட விரல் அப்படியே நின்றது. "நான் கேட்டனா?" என்றார்.

இன்னும் எனக்காக மறைக்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன், பாவி. "நம்ம ரெண்டு பேருதான இருக்கோம். இனிமே என்ன அண்ணாச்சி மறைக்கிறது?"

"தம்பி." அவர் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்கு அன்னைக்குக் காலையில சட்ட மாட்டுனது வரைக்கும்தான் நெனவு இருக்கு. பெறகு ஆஸ்பத்திரிதான். சத்தியமாச் சொல்லுங்க, நான் கேட்டனா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் எதையும் மறைக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பியிருக்கிறார். தன் நினைவில் இல்லாத ஒன்றுக்கு என் வாயைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, ஒன்பது வருஷமாகத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"கேட்டீக அண்ணாச்சி. ரெண்டு தடவ கேட்டீக" என்றேன்.

"நீங்க?"

"நனைச்சாச்சுன்னு சொன்னேன். நனைக்கல."

அடுப்படி வாசலில் அம்மாள் கரண்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "ஜன்னி தெளிஞ்சதும் இவரு மொதல்ல கேட்டது என்ன தெரியுமா தம்பி?" என்றாள். "'நான் கேக்காமயா பத்த வச்சேன்?'னு கேட்டாரு. நான்தான் ஆமான்னு சொன்னேன். நீங்க சொன்னத நம்பி, நான், எம் வாயால சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி என் கையை விடவில்லை. "மறதிக்காரன்னு நெனச்சுத்தான் தம்பி நான் எந்த வேலைக்கும் போகல" என்றார். "வெல்டிங் ஷெட்டுல ரெண்டு எடத்துல கூப்பிட்டாக. பக்கத்துல நின்னு பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும், கண்ணு வேண்டாம்னாக. நான்தான் மாட்டேன்னுட்டேன். என்ன நம்பி எவனாவது நெருப்பத் தொட்டுட்டா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது போகட்டும். எம் மவ."

"ஏங்க, வேண்டாம்" என்றாள் அம்மாள்.

"அவரு தெரிஞ்சுக்கிறட்டும். எம் மவளுக்கு அவ அம்மா மாதிரி நர்சு ஆகணும்னு ஆச தம்பி. ட்ரெயினிங்குக்கு எடம் கெடச்சு லெட்டரே வந்திருச்சு. நான்தான் கிழிச்சுப் போட்டேன். எம் புத்திதான அவளுக்கும் இருக்கும்? நான் மறந்ததுக்கு எங் கண்ணோட போச்சு. அவ ஊசிய மாத்திப் போட்டா இன்னொருத்தன் உசுரு போயிருமேன்னு பயந்தேன். அம்புட்டு அழுதா. 'நீ மறந்ததுக்கு நான் என்னப்பா செய்வேன்?'னு கேட்டுட்டுத்தான் கல்யாண வண்டியில ஏறுனா. அதுக்குப் பெறகு எங்கூடப் பேச்சு இல்ல. நல்ல நாளுக்கு வருவா, அம்மாகூடப் பேசிட்டுப் போயிருவா."

எனக்கு அந்த அண்டா ஞாபகம் வந்தது. இரண்டாவது பந்தி ஞாபகம் வந்தது. வெட்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை என்னிடம் இல்லை. காலில் விழப்போனேன். அவர் பிடித்துத் தள்ளிவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"விழுகாதீக. விழுந்து என்ன ஆகப்போகுது? காரியாபட்டிக்குப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டா, அப்பன் தன் தப்ப மறைக்கான்னு நெனப்பா. பொய் சொன்ன வாயிதான் அவகிட்டப் போயிச் சொல்லணும்."

பத்திரிகையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காரியாபட்டி போனேன். கம்பெனிக் கார் இருந்தது. அதில் போக மனசு வரவில்லை.

கடையில் கணவன் இல்லை, மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தான். அவள்தான் கல்லாவில் உட்கார்ந்து வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு குழந்தை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "வாங்க சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வெல்லம் வாங்க வந்தவர் போகும்வரை நின்றேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் வண்டி கிடைக்காதது, அவர் இரண்டு தடவை கேட்டது, நான் கத்தியது, ஆஸ்பத்திரியில் சொன்னது. இடையில் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஒரு பெருமை இல்லை.

அவள் தராசுத் தட்டில் ஒட்டிய வெல்லத்தைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அப்பா கேட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டாரும்மா."

"அப்ப அவுகளுக்கு மறதி இல்ல."

"இல்லம்மா. எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

குழந்தை சிணுங்கியது. அவள் தோளில் போட்டுத் தட்டினாள். எனக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தவிப்பு. இருபத்திரண்டு வயதுதானே ஆகிறது, எனக்கு ஆஸ்பத்திரியில் பெரிய ஆட்களைத் தெரியும், இப்போதாவது ட்ரெயினிங்கில் சேர ஏற்பாடு செய்கிறேன், உன் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். ஜெனரல் மேனேஜர் அல்லவா, யாரையாவது பிடித்து எதையாவது சரிக்கட்டிவிடலாம் என்ற புத்தி.

அவள் நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"கல்யாணம் ஆனவகள அங்க எடுக்க மாட்டாக சித்தப்பா" என்றாள். "நான் போயிக் கேட்டுப் பாத்துட்டேன்."

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளே போய் ஒரு பையில் குழந்தையின் துணியை எடுத்து வைத்தாள். அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி போங்க" என்றாள். "நான் அடுத்த பஸ்ல வாறேன்."